மூடாமலே மூடிக்கொண்ட லேப்டாப்

நம் சங்கத்து ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று கடிதம் வந்தது. "பணிக்காலத்தில் தாங்கள் புரிந்த சாதனைகள், உடன் ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம்." சுலபமானதை முதலில் முடிப்போம் என்று ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கிருந்தவர் முகவாயைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார். கடைசியில், "பரவால்ல சார், இதுக்கு மேல கம்ப்யூட்டர்லயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

சாதனைகளின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பி ஆலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். சாதனை எதுவும் நினைவில் இல்லை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் எளாவூர் டீக்கடையில் நம் மெயின்டனன்ஸ் ஆட்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். பேச்சு கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று.

"இப்பல்லாம் யாரு சார் காரணம் தேடிக்கினு கீறாங்க? சிஸ்டம் நின்னுச்சா, ஃபார்மட். அப்பவும் நின்னுச்சா, வேற பொட்டி. மேட்டர் முடிஞ்சுது."

"அப்பறம் எதனால நின்னுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதணுமேப்பா?" என்றேன்.

"ஆபரேட்டர் மேல எழுதிட வேண்டியதுதான்!" என்று இருவரும் சிரித்தார்கள்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். சாதனை கேட்டீர்கள் அல்லவா, இதோ என் சோதனை.

படிப்பு, பயிற்சி எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. எலெக்ட்ரீசியன். அப்ரண்டிஸாக இருந்தபோது இரண்டு முறை ஷாக் அடித்தது. இரண்டு முறையும் மெயினை அணைத்துவிட்டேன் என்று மற்றவர்களுக்குச் சத்தியம் செய்தவன் நான்தான். என்னைக் கரண்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது கரண்டுக்கு ஆபத்து என்று நினைத்தார்களோ என்னவோ, இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்கு மாற்றினார்கள். வெப்பமானி, அளவுமானி, பிறகு கம்ப்யூட்டர். அவ்வளவுதான் பயிற்சி.

எங்கள் ஆலையின் வேலை தெரியாதவர்களுக்காக நாலு வரி. பில்லெட் என்று ஆள் நீளத்துக்கு இரும்புக் கட்டைகள் வரும். அவற்றை உலையில் போட்டு ஆரஞ்சு நிறம் வரும்வரை சூடாக்கி, உருளைகளுக்கு நடுவில் தள்ளுவோம். உருளை கட்டையைக் கடித்து, நசுக்கி, நீட்டி, மறுமுனையில் வீடு கட்டும் கம்பியாகத் துப்பும். உருளை கட்டையைக் கடிக்கும் அந்த நொடியில் தரை முழுக்க ஒரு குலுக்கு குலுக்கும். உலையின் வெப்பம் நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாக வேண்டும். அந்தப் பதிவுத்தாள் இல்லாமல் கம்பியை வாங்குபவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இது நடந்தது இரண்டாயிரத்துகளின் பின்பாதியில். பதிவு செய்ய உலைக்குப் பக்கத்து இரும்பு மேஜையில் ஒரு லேப்டாப் வைத்திருந்தோம். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டவன் நான். முன்பிருந்த கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்துவிட்டதால் போட்டேன். வைரஸைக் கொண்டுவந்த பென் டிரைவ் யாருடையது என்று விசாரித்தார்கள். நானும் முன்னால் நின்று தீவிரமாக விசாரித்தேன். என்னுடையதுதான். பக்திப் பாட்டு ஏற்றி வைத்திருந்தேன். பிராயச்சித்தமாக, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி.யை, அதன் செய்முறையை ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்துப் படித்து ஏற்றினேன். ஒரு வருஷம் ஒரு குறையில்லாமல் ஓடியது.

துணைப் பொது மேலாளர் கோபிநாத் சாருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "ஓசியில வந்தது எத்தனை நாளைக்குத் தம்பி?" என்பார். தன்னைவிடப் பெரியவர்களையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். உட்காரச் சொல்வார், ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொள்வார், நாம் பேசப் பேச ஊதி ஊதிக் குடிப்பார். டம்ளர் காலியானால் நம் பேச்சு முடிந்தது என்று பொருள். அறிக்கை எதைக் கொடுத்தாலும் படிக்க மாட்டார். தாளை மடிப்பார், மறுபடி மடிப்பார், கடைசி வரி மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு அதைப் படிப்பார். "எதையும் ஒரே வரியில சொல்லணும் தம்பி. மீதியெல்லாம் சாக்கு." நான் பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கைகள் எல்லாம் மடிப்புக்கு அந்தப் பக்கமே செத்துப்போயின.

ஒரு திங்கட்கிழமை காலை லேப்டாப்புக்குக் கிறுக்குப் பிடித்தது. விசிறி ஊளையிட்டது. மவுஸ் அம்பு நகர மறுத்தது. திரை கண்ணைச் சிமிட்டியது. வெப்பப் பதிவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி. அந்த ஷிஃப்டில் உருட்டிய ஒரு லாட்டுக் கம்பியை வாங்குபவர்கள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் அவர்களுடைய ஆய்வாளர் வருகிறார், காரணம் எழுத்தில் வேண்டும் என்று தகவல் வந்தது.

லினக்ஸில் டாப் என்று ஒரு கட்டளை உண்டு. பெட்டிக்குள் யார் யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று வரிசை போட்டுக் காட்டும். ஆலைக்கு அப்படியொரு கட்டளை இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம். அடித்துப் பார்த்தேன். ஒரே வேலை முந்நூறு நானூறு பிரதியாகக் கிளம்பிப் பெட்டியின் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. அவற்றைக் கிளப்பிவிடுவது ஏ.சி.பி.ஐ.டி. என்ற பின்னணி நிரல். பெயரைக் கேட்டால் அரசாங்க இலாகா மாதிரி இருக்கும், வேலையும் அப்படித்தான். மின்சாரச் சிக்கனம் அதன் பொறுப்பு. சார்ஜரைப் பிடுங்கினால், மூடியை மூடினால் அதற்குத் தகவல் போகும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சிறு வேலையை எழுப்பி அனுப்பும். இங்கே எழுப்பப்பட்டவை அத்தனையும் மூடி மூடினால் திரையை அணைக்கிற வேலை. பெயரிலேயே மூடி என்று இருந்தது. நான் படித்தேன். மூடிதான் என் கண் முன்னால் திறந்து கிடக்கிறதே, இதற்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பேதலித்தது யாருக்கு என்பது பிறகு தெரியும்.

எல்லாவற்றையும் கொன்றேன். கொன்ற வேகத்தில் மறுபடி முளைத்தன. செவ்வாய்க்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். உலகத்தில் பல பேருக்கு இந்தத் தொல்லை இருந்தது. மின்சார நிர்வாகத்தையே மொத்தமாக அணைத்துவிடு என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அணைத்தேன். ஓட்டம் நின்றது. கூடவே விசிறியும் நின்றது, அதை ஓட்டுவதும் அந்த இலாகாதானாம். உலைக்குப் பக்கத்தில் விசிறியில்லாத லேப்டாப் அரைமணி நேரத்தில் தோசைக்கல் ஆகித் தானாக அணைந்தது. மானம் போயிற்று.

புதன்கிழமை சிஸ்டத்தை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றினேன். இந்த முறை உஷாராக, கோபிநாத் சார் அறைக்குப் பக்கத்திலேயே ஏ.சி.யில் வைத்து ஒன்றரை நாள் ஓட்டிக் காட்டினேன். பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. மூச்சுக்கு முந்நூறு தடவை அவரைக் கூப்பிட்டு, "பாருங்க சார், லினக்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வியாழன் மதியம் உலைக்குக் கொண்டுபோனோம். பத்தே நிமிஷம். பழைய கிறுக்கு.

கோபிநாத் சார் வெந்நீர் ஊற்றினார். "லேப்டாப் நல்லா இருக்கு. உங்க ஓசிச் சரக்கும் நல்லா இருக்கு. நீங்களே நிரூபிச்சிட்டீங்க. அப்ப கெட்டது எது தம்பி?"

எனக்கு விளங்கவில்லை.

"அங்க உக்கார்ற ஆளு. ஆபரேட்டர் கைவரிசைன்னு ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை காலையில கொடுங்க. கான்ட்ராக்ட்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்." டம்ளர் காலி.

அங்கே உட்காரும் ஆள் ஏசுபாதம். ஒப்பந்தத் தொழிலாளி. எளாவூருக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் கேட் பாஸ் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள் அவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும் அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பார் என்று கேலி செய்வோம். கான்ட்ராக்ட்காரரிடம் பேசுவது என்றால் அந்த அட்டை பறிபோகிறது என்று அர்த்தம். ஓர் ஆலையில் கைவரிசை என்று பெயர் வாங்கினால் தொழிற்பேட்டையில் வேறெந்த கேட்டும் திறக்காது.

லினக்ஸைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதனை மாட்டிவிட்டிருந்தேன். அந்த ஒன்றரை நாள் நிமிர்ந்த நெஞ்சை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டுக்கு நேராக உலைப் பக்கம் போனேன். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னா சார், எம்மேல எழுதப் போறீங்களாமே?" ஏசுபாதம் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"உன் மேல எழுதச் சொல்லிகீறாங்க. நான் இன்னும் எழுதல."

"எய்துங்க சார், கையெய்த்து அழகா போடுங்க. ஊட்ல மாட்டி வெக்கறேன்."

"யோவ், கோவத்த அப்பறமா காட்டு. இத்த சொல்லு. இது எப்பெப்ப இப்பிடி ஆவுது?"

அவர் உருளைகளின் பக்கம் கையைக் காட்டினார். பிறகு சொன்னார்: "திங்கக்கெழமலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். என்னிய யாரு கேட்டாங்க? ரோலு ஓடாதப்ப கம்முனு கீது சார். நாஷ்டா டைம்ல மில்லு நிக்குது பாரு, அப்ப இதுவும் தூங்குது. கட்ட உள்ள பூந்துச்சுன்னா பேஜாரு பண்ண ஆரம்பிச்சிடுது."

நாலு நாளாக நான் கம்ப்யூட்டரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரை ஒரு தடவையும் கேட்கவில்லை. கோபிநாத் சாராவது கடைசி வரியைப் படிப்பார். நான் அதையும் படித்திருக்கவில்லை.

அந்த இலாகா தனக்கு வந்த தகவலையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதைத் திரையில் ஓடவிட்டேன். ஏசுபாதத்தை உருளைகள் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். கட்டை உள்ளே போகும்போது கத்த வேண்டும்.

"ஏய்!" என்று கத்தினார். தரை குலுங்கியது. திரையில் வரிகள் பொழிந்தன: மூடி மூடியது, திறந்தது, மூடியது, திறந்தது. நின்றது.

"ஏய்!" மறுபடி பொழிந்தது.

"இன்னா சார், வருதா?"

"வருதுப்பா, கொட்டுது!"

"அப்பிடின்னா நா தொடாமலே வருது. நல்லா பாத்துக்குங்க, கை ரெண்டும் மேல கீது!" போலீஸ் பிடித்த ஆள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே நின்றார். அடுத்த ஆறு கட்டைக்கும் கையை இறக்கவில்லை.

மூடி மூடியதை லேப்டாப் எப்படித் தெரிந்துகொள்கிறது? கீபோர்டுக்கு மேலே, திரையின் கீல் பக்கத்தில், அரிசி அளவில் ஒரு குமிழ் இருக்கும். மூடினால் அமுங்கும், திறந்தால் எழும். குனிந்து பார்த்தேன். இடது ஓரத்தில் அந்தக் குமிழ் முழுக்க எழவும் இல்லை, முழுக்க அமுங்கவும் இல்லை. நடுவழியில் சிக்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. அது நடுங்குவதை மூடுவதும் திறப்பதுமாகக் கணக்கிட்டு, அந்த அப்பாவி இலாகா ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையை எழுப்பி அனுப்பியிருக்கிறது. சொன்ன வேலையைத்தான் செய்தது. அதையும் சந்தேகப்பட்டேன்.

ஏசுபாதம் அட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். குமிழைச் சுற்றிச் சுரண்டினேன். மஞ்சளாகத் தூள் வந்தது. துரு இல்லை, உலைத்தூசி இல்லை. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம். பன்னீர் விட்டுக் குழைத்த நல்ல சந்தனம்.

மூன்று வாரம் முன்புதான் ஆயுத பூஜை. உலையிலிருந்து லாரி வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். லேப்டாப்புக்கு எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. மூடியின் மேலே வைத்தால் வேலை செய்யும்போது தெரியாது. திரை முகம், கீபோர்டு வாய் என்றால் இரண்டுக்கும் நடுவில் வைப்பதுதான் முறை என்று விளக்கம் சொல்லி, இடது, நடு, வலது என்று மூன்று பொட்டு வைத்தார் ஒரு மேதாவி. ஒன்று போதாதா என்று கேட்டதற்கு, "லினக்ஸுக்குக் கஞ்சத்தனம் கூடாது" என்றார். மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததும் அதே மேதாவிதான். மேலே இருந்ததைத் துடைத்துவிட்டு, மீதியைக் குமிழின் இடுக்கில் திணித்துவிட்டார். உலைச் சூடு மூன்று வாரம் அதைப் பக்குவமாகக் காய வைத்தது.

அந்த மேதாவியின் விரலில்தான் இப்போது மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.

ஏசுபாதம் என் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "நைனா," என்றார். சார் என்று அழைப்பது அந்த நிமிஷத்தில் போய்விட்டது. "நாங்க சிலுவ போட்ற ஆளுங்க. சந்தனம் எங்க ஊட்லயே கெடையாது. பொட்டு நீ வெப்ப, பாஸு எனக்குப் புடுங்குவியா?" சொல்லிவிட்டு உருளைச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார். இந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது.

ஸ்பிரிட் விட்டு, ஊக்கால் கிளறிச் சுத்தம் செய்தேன். குமிழ் டக்கென்று எழுந்து நின்றது. அடுத்த கட்டை, அதற்கடுத்த கட்டை. கோப்பில் ஒரு வரி இல்லை. விசிறி பெருமூச்சு விட்டு அடங்கியது. ஷிஃப்டு முடியும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை கோபிநாத் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். வெந்நீரை ஊத மறந்து கேட்டார்.

"இத வெளிய காட்ட முடியுமா தம்பி? அன்னிக்குக் கற்பூரம் காட்டினது எம்.டி."

"கற்பூரத்தால ஒண்ணும் ஆவல சார். சந்தனந்தான்."

"ஜோக் வேணாம். நான் சொல்றத எழுதுங்க. 'அந்நியப் பொருள் புகுந்தது, ஆபரேட்டரின் சுத்தக் குறைவு.' ஒரே வரி. கம்பெனி மானமும் பொழைக்கும், நீங்களும் பொழைப்பீங்க."

"அவரு பொழைக்க மாட்டாரே சார்."

"கான்ட்ராக்ட் ஆளுதானே."

சாதாரணமாக அவர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. வெளியே வந்துதான் வசனம் பேசுவேன், அதுவும் சைக்கிள் ஸ்டாண்டில். அன்றைக்கு என்னவோ, அந்தக் "தானே" காதில் விழுந்ததும் பயம் விட்டுப்போயிற்று. "எழுதிக் கொண்டாறேன் சார்" என்று எழுந்து வந்தேன்.

எழுதினேன். எங்கே எதை எழுத வேண்டும் என்று அவரிடமே பதினொரு வருஷம் பாடம் படித்திருக்கிறேனே. கொண்டுபோய் நீட்டினேன். வழக்கம் போல மடித்தார். மறுபடி மடித்தார். கடைசி வரியைப் படித்தார்.

"ஆபரேட்டர் ஏசுபாதத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை."

நிமிர்ந்தார். "அப்ப யாருக்குச் சம்பந்தம்?"

"மேல இருக்கு சார். பிரிச்சுப் பாருங்க."

அவர் ஒரு தாளைப் பிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். உள்ளே இருந்ததும் அதிகமில்லை. 'காரணம், மூடிக் குமிழில் காய்ந்த ஆயுத பூஜைச் சந்தனம். வைத்தவர் தயாளன். துடைத்தவர் தயாளன். நாலு நாள் காரணம் தெரியாமல் விழித்தவரும் தயாளன்.' கீழே அதே தயாளனின், அதாவது என் கையெழுத்து, கொஞ்சம் பெரிதாகவே.

"இத மாத்தி எழுதுங்க."

"வேற காரணம் கிடைச்சா எழுதறேன் சார்."

"யோசிச்சுப் பேசுங்க தம்பி."

"நாலு நாளா அதத்தான் சார் பண்ணேன்."

வெந்நீர் டம்ளர் நிறைய இருந்தது. பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். நான்தான் எழுந்துவிட்டேன். டம்ளர் காலியாகும் முன் அந்த அறையிலிருந்து எழுந்தவன் அதுவரை யாரும் இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

மதியம் ஆய்வாளர் வந்தார். வேறு தாள் இல்லாததால் என் தாள்தான் அவர் கைக்குப் போயிற்று. இரண்டு தடவை படித்தார். "இப்ப ஒழுங்கா ஓடுதா?" என்று மட்டும் கேட்டார். உலைக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். அந்த ஒரு லாட்டுக் கம்பியை மட்டும் மறுபடி சோதித்துவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது: "பூஜைப் பொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டு நிறுவனத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியமை." ஆறு மாதம் வாசலுக்குப் பக்கத்து எடைமேடைக்கு மாற்றம். லாரிப் புழுதியில் என் தலை நரைத்தது அங்கேதான். அதற்கு முன்பே நரைத்திருந்தது என்று என் மனைவி சொல்கிறாள், நான் ஒப்புக்கொள்வதில்லை. மன்னிப்புக் கடிதமும் கேட்டார்கள். எழுதினேன். யாரிடம் மன்னிப்பு என்று குறிப்பிடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். "ஏசுபாதத்திடம்" என்று சேர்த்து அனுப்பினேன். பிறகு அந்தக் கடிதத்தை யாரும் கேட்கவில்லை.

ஏசுபாதம் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் வந்தார். தினமும் எடைமேடையைத் தாண்டும்போது கழுத்து அட்டையை எடுத்து எனக்கு ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். "இன்னா நைனா, இன்னிக்கு லாரிக்குப் பொட்டு வெச்சியா?"

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். புகைப்படம் சரியாக வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பதிலுக்கு அந்த மெமோவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். புகைப்படம் போடும் இடத்தில் அதைப் போடவும். இடம் போதாவிட்டால் மடித்துப் போட வேண்டாம்.